மாதிரி மாலை காய்த்த ஆவணி

நெடுங்குளம் கல்யாண மண்டபத்தின் சாமான் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு செயற்கைப் பூமாலைகள் பிஞ்சு விட்டிருப்பதை முதலில் பார்த்தவள், அவற்றைச் செய்தவளான உலகம்மாள். பார்த்தவள் திகைத்து நிற்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, எரிச்சல்தான் பட்டாள், ஏனென்றால் காய் என்பது பூவின் முடிவு, முடிவே இல்லாத பூவைச் செய்து தருகிறவள் என்றுதான் சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பேர்.

அவை மாதிரி மாலைகள். மேடைக்கு என்ன பூ வேண்டும் என்று கேட்டால் "நல்ல பூவாப் போடுங்க" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத பெண் வீட்டுக்காரர்கள் விரல் வைத்துக் காட்டுவதற்காக, தனக்குச் செய்யத் தெரிந்த பூ அத்தனையிலும் ஒவ்வொரு கொத்து வைத்து அவள் கட்டிய ஜோடி அது: சாட்டின் துணியில் ரோஜா, கிரேப் காகிதத்தில் செவ்வந்தி, கம்பியில் இழுத்துக் கட்டிய நைலானில் தாமரை, குளத்து நெட்டித்தண்டை மெல்லிசாகச் சீவிச் செய்த மல்லிகை, கிளிஞ்சலில் நந்தியாவட்டை, பிளாஸ்டிக்கில் அரளி. இப்போது துணி ரோஜாவின் அடியில் குட்டிக் கத்தரிக்காய் போல மெத்தென்று ஒன்று தொங்கியது. காகிதச் செவ்வந்தியில் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக ஒன்று. நைலான் தாமரையில் தொட்டால் நுங்குபோல் குலுங்குகிற ஒன்று. நெட்டி மல்லிகையில், கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத வெள்ளை மணிகள். கிளிஞ்சல் பூவில், உள்ளே தண்ணீர் ஆடும் ஓட்டுக்காய். பிளாஸ்டிக் அரளியில் நெல்லிக்காய் அளவில், பளபளவென்று, கல்லாக ஒன்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பேர் வைத்து, உதிர்ந்து வாடியதற்குக்கூடச் செம்மல் என்று மரியாதையாகப் பேர் வைத்த மொழியில், செய்த பூ காய்த்தால் அதை என்னவென்று சொல்வது என்று மட்டும் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆகவே ஊர் அதைக் காய் என்றே சொல்லி மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்த்தது.

ஆகவேண்டியதை முதலில் பார்த்தவர் நயினார். அந்த மண்டபத்தின் தவசுப்பிள்ளை, அதாவது கல்யாணச் சமையல்காரர். ஊர் அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். சாமான் அறைக்கு அண்டா எடுக்க வந்தவர், மாலையையும் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றவளையும் பார்த்தார், துணிக்காய் ஒன்றை முகர்ந்தார், பாக்குவெட்டி வரவழைத்து நறுக்கினார், உள்ளே சட்டைப் பொத்தான் போல நான்கு துளையுள்ள விதைகள் இருந்ததைக் கண்டு தலையாட்டிக்கொண்டார்.

"இதுல ரெண்டு எடுத்துக்கிடட்டா?" என்றார். "சும்மா விட்டா வீணாப் போயிரும்."

"மாஸ்டர், அது துணி."

"துணிதான். ஆனா பிஞ்சா இருக்கு பாருங்க."

பிஞ்சாக இருப்பதை வீணாக்குவது அவரால் ஆகாத காரியம். நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி இறக்கினார். தீபாவளிக்கு வாங்கிய துணியை முதல்முறை பிரிக்கும்போது ஒரு மணம் வருமே, அந்த மணம் நாக்கில் தெரிந்தது என்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வாரம் பின்னால் போகவேண்டும். கல்யாணப் படம் பிடிக்கிற ஸ்டுடியோ ஆசீருக்கு, முகூர்த்தத்துக்கு முன்னால் மேடையில் யாரையாவது நிறுத்தி வெளிச்சம் சரிபார்க்கிற வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் போடப்போகிற மாலையை வேறு கழுத்தில் போடக்கூடாது என்பதால் அதற்கு எப்போதும் மாதிரி மாலைதான். ஆட்கள், அப்போது கண்ணில் படுகிறவர்கள். ஒரு தடவை வாட்ச்மேனும் கோலம் போட வந்த பேச்சியம்மாளும் நின்றிருக்கிறார்கள், பேச்சியம்மாளுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. அன்றைக்குக் கண்ணில் பட்டது, ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த உலகம்மாளும், முதல் பந்தி எப்போது என்று கேட்க வந்த நயினாரும். "யக்கா, ஒரு நிமிசம் இறங்குங்க, மாஸ்டர் நீங்க இந்தப் பக்கம்" என்றான் ஆசீர். கை உயரும்போது முகத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும் என்பதால் மாலையை மூன்று தடவை மாற்றச் சொன்னான். மாற்றினார்கள். ஏணிக்காரி ஏணிக்குப் போனாள், அடுப்புக்காரர் அடுப்புக்குப் போனார்.

இரண்டு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். அதற்குச் சோகக் கதை ஒன்றும் கிடையாது. கல்யாணம் என்பது முகூர்த்த நாளில் நடக்கவேண்டியது. முகூர்த்த நாள் ஒவ்வொன்றிலும் அவள் யாரோ ஒருத்தியின் மேடையில் இருந்தாள், அவர் யாரோ ஒருவருடைய சாம்பாரில் இருந்தார். பெண் பார்க்க வருகிறோம் என்றவர்களுக்கு அவள் வீட்டில் இருக்கும் நாள் தோதுப்படவில்லை, அவள் வீட்டில் இருக்கும் நாளோ அஷ்டமியாகவோ நவமியாகவோ இருந்தது. இப்படியே நாற்பது கிட்ட வந்துவிட்டது. அவருக்கு அதைத் தாண்டிச் சில வருஷம் ஆகியிருந்தது.

மாதிரி மாலையில் தொடங்கிய காய்ப்பு அந்த ஆவணி முழுக்க ஊரில் பரவியது. உலகம்மாள் செய்த பூ எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் காய்த்தது. டவுன் பஸ்ஸின் கண்ணாடிக்கு முன்னால் வைத்த பிளாஸ்டிக் கொத்தில் காய்த்து, வளைவில் திரும்பும்போதெல்லாம் டிரைவர் மடியில் உதிர்ந்தது. வங்கிக் கவுன்டரில் இருந்த காகிதச்செடி காய்த்தபோது அது வங்கியின் சொத்தா வாடிக்கையாளருக்கு உரியதா என்று கேள்வி வந்து, வரிசையில் முதலில் நிற்பவருக்கு ஒன்று என்று முடிவாகி, அதற்குப்பிறகு காலையில் வங்கிவாசலில் காணாத கூட்டம் கூடியது. பல் டாக்டர் தன் அறையில் காய்த்த பிளாஸ்டிக்காயை யாரும் கடிக்கக்கூடாது என்று பலகை வைத்தார்; கடித்துவிட்டு வந்தவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார். இறந்தவர்களின் படத்துக்குப் போட்ட மாலைகளில் காய்த்ததை அவரவருக்கே படைத்துவிட்டுச் சாப்பிடுவது என்று வீடுகள் தாமாகவே ஏற்பாடு செய்துகொண்டன. உயிரோடிருந்தவரை காய்கறியே தொடாத ஒரு மாமனாரின் படத்தில்தான் கொத்துக்கொத்தாகக் காய்த்தது, அவருடைய மருமகள் அதைத் தினமும் வைத்துப் படைத்தாள், மிகுந்த பக்தியோடு.

ஏன் காய்த்தது என்பதற்கும் காரணங்கள் சொல்லப்பட்டன. மழை சரியாகப் பெய்தது என்று சிலரும் மழை பொய்த்தது என்று சிலரும் சொன்னார்கள், இருதரப்பும் ஒரே தெருக்காரர்கள். அதைவிட முக்கியம் எதை எப்படிச் சமைப்பது என்பது. அதை நயினார் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். காகிதக்காயை இதழிதழாகப் பிரித்து வெயிலில் காயவைத்துப் பொரித்தால் அப்பளம், வாயில் போட்டால் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு வாங்கிய புத்தகத்தின் வாசனை. நைலான்காய் பாயசத்துக்கு. நெட்டிக்காய் வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடும், ஆகையால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு. கிளிஞ்சல்காயின் தண்ணீரில் ரசம் வைத்தால் உப்புப் போடவேண்டியதில்லை. பிளாஸ்டிக்காய்தான் மசியாமல் அடம்பிடித்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, வெயிலில் வைத்து, அதன் மனம் மாறும்வரை பொறுத்திருந்து, கடைசியில் ஊறுகாய் போட்டார், அது கெடவே கெடாது என்பதை யாரும் சோதித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

பூக்காரப் பெண்கள்தான் ஊரின் நினைப்பை அடுத்த படிக்குக் கொண்டுபோனார்கள். சந்தைப்பேட்டையில் நிஜப்பூ விற்கும் அவர்களுக்கு உலகம்மாள்மேல் வெகுநாள் வருத்தம் உண்டு, அவளுடைய சரக்கைப் பூ என்று அவர்கள் சொன்னதே இல்லை. இப்போது நியாயமாக நடந்துகொண்டார்கள்: காய்க்கிறது என்றால் அதுவும் பூதான், ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். மல்லிகை காய்த்து யார் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. பூதான் என்று ஆனபிறகு, அந்தப் பூவில் கட்டிய மாலையும் மாலைதான். மாலைதான் என்றால், மேடையில், விளக்கு வெளிச்சத்தில், ஓர் ஆணும் பெண்ணும் அதை மூன்றுதடவை மாற்றிக்கொண்டது என்ன?

மறுநாள் காலையில் பால் வாங்கப் போன உலகம்மாளை, "வாங்க, மாஸ்டர் வீட்டம்மா" என்றாள் பால்காரி.

அவள் அதைச் சிரித்துத் தள்ளினாள். அடுத்த நாள் ரேஷன் கடையில் சிரிக்காமல் தள்ளினாள். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் வெளியூர் மில்லில் வேலை, வாரக்கடைசியில் வந்துபோவார். வீட்டில் பேச்சுத்துணை மதினி சொர்ணம். இது காதில் விழுந்தபிறகு சொர்ணம் நாத்தனாருக்குத் தலைவாரிவிடும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். அதே மாலையைப் பேச்சியம்மாளும் வாட்ச்மேனும் மாற்றியபோது ஒரு பிஞ்சுகூட விடவில்லை என்பது ஊரில் யாருக்கும் உறைக்கவில்லை. சொர்ணத்துக்கு உறைத்தது. அவள் அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

நயினார் செய்தது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் அடுக்குக் கேரியரில் சாப்பாடு வைத்து, தானே சைக்கிளில் வந்து, வெளிச்சுவர்மேல் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டுப் போனார். முதல்நாள் திறந்து பார்த்தால் துணிக்காய்க் கூட்டு, காகித அப்பளம், கிளிஞ்சல் ரசம். சாயங்காலம் காலிக் கேரியருக்கு வந்தபோது, தான் சமைத்ததைத் தானே ருசி பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்றும், பூவைச் செய்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். கூட்டில் காரம் ஒரு பொட்டு அதிகம் என்றாள் உலகம்மாள். அவர் அதை ஒரு தீர்ப்பைப்போல வாங்கிக்கொண்டு போனார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை என்பதால் அவள் மேலடுக்கில் துணிப்பூ ஒன்றை வைத்து அனுப்பினாள். அடுத்த நாள் காரம் சரியாக இருந்தது. அடுத்த நாளும் அவள் பூ வைத்தாள். இப்படியே நடந்தது, ரசத்தில் மிளகு கூடியதும் குறைந்ததும் தவிர இரண்டு பேரும் வேறொன்றும் பேசவில்லை, ஆனால் மிளகைப்பற்றி நிறையப் பேசினார்கள்.

இந்த நிலையில்தான் அவள் வாய் அவளுக்கு எதிராக வேலை செய்தது. மண்டபத்து வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சேலை முந்திக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தபோது பால்காரி மறுபடியும் "மாஸ்டர் வீட்டம்மா" என்றாள்; மாஸ்டர் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்; அவர் கேட்கிறார் என்பதாலேயே உலகம்மாளுக்கு முகம் சூடாகி, சூடு நாக்குக்கு இறங்கியது.

"லைட்டுக்கு நின்னதெல்லாம் கல்யாணம்னா, பேச்சியம்மா புருசன் யாருன்னு கேளுங்க முதல்ல. என் மாலையை மாத்தாதவுக இந்த ஊர்ல யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சொன்னது வெளியே தங்கிவிட்டது. அன்று விளக்கு வைப்பதற்குள் நெடுங்குளம் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பேச்சியம்மாளின் மகன்கள் வாட்ச்மேனைத் தேடிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் மண்டபத்து மாடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கோயில் கொடைவிழா நாடகத்தில் வருஷாவருஷம் ராஜா வேஷம் கட்டும் ரைஸ்மில் முத்தையாவுக்கு, வந்துபோன ராணிகள் அத்தனைபேரும் நினைவுக்கு வந்தார்கள், அவர் மனைவிக்கும் வந்தார்கள். ஆண்டுவிழாவில் சுயம்வரம் போட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், சம்பந்தி முறையில் ஒருவரையொருவர் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தெருவில் பார்த்தால் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்தாம் வார்டு கவுன்சிலரும் ஆறாம் வார்டு கவுன்சிலரும் சமாதானக் கூட்டத்தில் கைதட்டலுக்கிடையே மாலை மாற்றிக்கொண்டதை முக்கால்வாசி ஊர் பார்த்திருந்தது, சாட்டின் ரோஜா மாலை, நல்ல வேலைப்பாடு.

மண்டபக் கமிட்டியின் செயலாளர் பிரமநாயகம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இப்படி ஒரு பிரச்சினைக்காக வாழ்நாள் முழுவதும் காத்திருந்தவர்போல, சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டத்தைக் கூட்டினார். பூவுக்கு எத்தனை வகை, கோட்டுப்பூ எது, கொடிப்பூ எது, நிலப்பூ எது, நீர்ப்பூ எது என்று ஆரம்பித்தார்; துணி நிலத்தில் விளைந்த பஞ்சு என்பதால் நிலப்பூவா, கிளிஞ்சல் நீரில் கிடப்பதால் நீர்ப்பூவா என்று தானே கேட்டுத் தானே மறுத்தார்; பூவாமல் காய்க்கிற அத்தி உண்டு, பூத்தும் காய்க்காத பாதிரி உண்டு, ஆகவே காய்ப்பதை வைத்துப் பூவை அளப்பது பிழை என்றார். பாதிரி காய்க்குமே என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னதை அவர் கேட்காததுபோல் இருந்துவிட்டார். ஒரு வழியாக முடிவுக்கு வந்தார்: காய்த்தாலும் பழுத்தாலும், ஊறுகாயே ஆனாலும், செய்த பூவில் மாற்றிய மாலை கணக்கில் வராது.

கூடத்தில் பெரிய மூச்சு ஒன்று இறங்கியது. வாட்ச்மேன் மாடியிலிருந்து கீழே வந்தான். ராஜா தன் மனைவிக்கு அருகில் உட்கார அனுமதிக்கப்பட்டார். கவுன்சிலர்கள் இருவரும் சந்தோஷம் தாங்காமல் கட்டிக்கொண்டார்கள், உடனே நினைவு வந்து விலகிக்கொண்டார்கள். நயினார் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தவர், "சரிதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல், பிறகு உள்ளே போனார்.

மறுநாள் மத்தியானம் மணியடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஊர் சொன்ன உரிமையில் சோறு கொண்டுவந்தவர், ஊர் இல்லை என்றபிறகு எதைச் சொல்லிக்கொண்டு வருவார்? உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து பூ வெட்டினாள். காதைத் தெருப்பக்கம் வைத்து வெட்டியதில் இதழ்கள் கோணலாக வந்தன. சொர்ணம் சோறு போட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, உப்பு சரியாக இருக்கிறது என்றாள் உலகம்மாள்.

"அன்னைக்கு வாசல்ல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?" என்றாள் சொர்ணம்.

"நான் நியாயத்தைத்தான மதினி கேட்டேன்."

"கேட்ட. கிடைச்சிட்டு. அதையே பிசைஞ்சு தின்னு."

அன்றிரவு உலகம்மாள் கோபப்பட்டாள், யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடிந்ததும் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளை மல்துணி எடுத்து வெட்ட உட்கார்ந்தாள். இந்தத் தடவை இதழ்கள் கோணவில்லை.

ஆவணியின் கடைசி முகூர்த்தம். யாருடைய கல்யாணமோ நல்லபடியாக முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையைவிட்டு இறங்கிப் பந்திக்குப் போய், பாதிக் கூட்டம் வெற்றிலை போட்டுக்கொண்டும் பாதிக் கூட்டம் அடுத்த பந்திக்குக் காத்துக்கொண்டும் இருந்த நேரம், வெளிச்சத்தை அணைக்கப்போன ஆசீரிடம், அணைக்காதே என்றாள் உலகம்மாள். அவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். நேராக அடுப்படிக்குப் போனாள்.

"மாஸ்டர், செத்த நேரம் மேடைக்கு வாங்க."

"எதுக்கு?"

"மாலை மாத்த."

வடை தட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. நயினார் கரண்டியைக் கீழே வைக்காமல் அவளைப் பார்த்தார்.

"அது கணக்கில வராதுன்னு சொல்லியாச்சே."

"வராதுல்லா. அப்பம் என்ன பயம் உங்களுக்கு?"

அவர் யோசித்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. யோசனையில் எந்த இடத்தில் எதைக் கண்டாரோ, முகம் மெல்ல விரிந்தது, அடுப்பைத் தணிக்கச் சொன்னார், கரண்டியைக் கைமாற்றினார், கையை இரண்டு தடவை கழுவினார்.

"நிஜமாத்தான் சொல்லுதீங்களா?" என்றார், இன்னொரு தடவை கேட்டுவிடும் ஆசையில்.

"பொய்ப் பூவில நிஜமாத்தான் சொல்லுதேன். வாங்க."

மேடையில் அவள் எடுத்தவை மாதிரி மாலைகள் அல்ல. யாரும் விரல் வைத்துக் காட்டி இதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்கமுடியாதவை. மல்துணியில், ஒரே பூவாக, அவளுக்கே பேர் தெரியாத ஒரு பூவாகச் செய்தவை. அவள் போட்டாள், அவர் போட்டார். வெற்றிலை மென்ற வாய்கள் நின்றன. இரண்டாவது தடவை மாற்றும்போது முன்வரிசை எழுந்தது. மூன்றாவது தடவைக்கு, பந்தியில் பாயசத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த தவில்காரர், எதற்கு என்று தெரியாமலே எழுந்து ஓடிவந்து, எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு கெட்டிமேளம் கொட்டினார், அந்தச் சத்தம் கேட்டால் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத நெடுங்குளத்தார், காலையில் தூவி மீந்து கைக்குட்டையிலும் முந்தானையிலும் கிடந்த அட்சதையை எடுத்துத் தூவிவிட்டார்கள்.

பிரமநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவும் கணக்கில் வராது என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். அறிவித்தபோது அவருடைய விரலிடுக்கிலிருந்தும் மஞ்சள் அரிசி உதிர்ந்துகொண்டிருந்தது. வராது, வராது என்று நயினார் பணிவாக ஒத்துக்கொண்டார், மாலையைக் கழற்றாமல். அப்படியானால் அடுத்த முகூர்த்தத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் உலகம்மாள், அதற்கடுத்த முகூர்த்தத்துக்கும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அவர்.

கீழே முதல்வரிசையில் சொர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். கணக்கில் வராத கல்யாணத்துக்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று பக்கத்தில் இருந்த பால்காரி கேட்டதற்கு, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்த அழுகையும் கணக்கில வராது," என்றாள், "நீ போயி இலையில உக்காரு."